ஆங்கிலத் தேர்வுக்குக் கவிதையும் நாடகமும்: கைடா, டியூஷனா, பாடநூலா?

பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீட்டில் ஆங்கிலம் பற்றிய பேச்சு எழுந்தால், இலக்கணத்துக்கும் கடிதம் எழுதுவதற்கும் யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை. பயிற்சி செய்தால் வந்துவிடும் என்று தெரியும். கவிதையிலும் நாடகத்திலும்தான் தடுமாறுகிறார்கள். "கைடு வாங்கிக் கொடுத்தால் போதுமா? கும்பகோணத்தில் டியூஷனுக்கு அனுப்பட்டுமா? யூடியூபில் பார்த்தால் புரிகிறது என்கிறாள், அது சரிப்படுமா?" வலங்கைமானிலிருந்தும் நீடாமங்கலத்திலிருந்தும் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர், ஆங்கிலம் நடத்துகிற என்னிடம் ஆண்டுதோறும் கேட்பவை இவை.

என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடநூலை வாய்விட்டுப் படிப்பதை முதலிலும் கைடைக் கடைசியிலும் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் ஜூன் மாதத்தில் கேட்கும் மாணவருக்கும் பிப்ரவரியில் கேட்கும் மாணவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் அது நியாயமாகாது.

## மதிப்பெண் எங்கே கிடக்கிறது?

மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. கடந்த சில ஆண்டுகளின் வினாத்தாள் அமைப்பில் கவிதை மூன்று இடங்களில் வருகிறது. வரிகளைக் கொடுத்து அவற்றின் கீழே கேட்கும் இரண்டு மதிப்பெண் வினாக்கள் நான்கு எழுத வேண்டும், 8 மதிப்பெண். தமிழ்த் தேர்வில் ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்று வருமே, அதன் ஆங்கில வடிவமான ஈ.ஆர்.சி. (கொடுத்த வரியைச் சூழலோடு விளக்குவது) இரண்டு, 6 மதிப்பெண். பத்தி வினா ஒன்று, 5 மதிப்பெண். மொத்தம் 19.

இந்த 19-ஐக் கூர்ந்து பாருங்கள். அதில் 14 மதிப்பெண் கவிதை வரியைக் கண்முன் வைத்துக் கேட்கும் வினாக்களுக்கு உரியது. பத்திக்கு வெறும் 5. ஆனால் பெரும்பாலான மாணவர்கள் கவிதைக்கு ஒதுக்கும் நேரத்தில் முக்கால் பங்கு அந்த ஐந்து மதிப்பெண் பத்தியை உருப்போடுவதிலேயே கழிகிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு இந்த ஒரு கணக்கே பாதி விடை சொல்லிவிடும்.

பத்தாம் வகுப்பில் கவிதையின் பங்கு இன்னும் கூடுதல். இரண்டு மதிப்பெண் வினா மூன்று, ஐந்து மதிப்பெண் வினா இரண்டு, மனப்பாடப் பாடல் ஒன்றுக்கு 5, ஆக 100-க்கு 21. ஐந்து மதிப்பெண் பகுதியில் பத்தி வினாக்களோடு, ஒரு செய்யுள் பகுதியைக் கொடுத்து அணி, ஓசை கேட்கும் வினாவும், உரைநடையாக்கும் வினாவும் இருக்கும்.

நாடகத்தின் நேரடிப் பங்கு சிறியது. பன்னிரண்டாம் வகுப்பின் ஆறு துணைப்பாடங்களில் ‘தி ஹவர் ஆஃப் ட்ரூத்’, ‘ரிமெம்பர் சீசர்’ ஆகிய இரண்டும் நாடகங்கள். அவை கதைகளோடு போட்டியிட்டு ஒரு பத்தி வினாவில் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். பத்தாம் வகுப்பில் ‘தி டையிங் டிடெக்டிவ்’ உரைநடைப் பகுதியிலேயே நாடகமாக இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ துணைப்பாடத்தில் இருந்தாலும், அது லாம்ப் உடன்பிறப்புகள் கதையாகச் சுருக்கி எழுதிய வடிவம். அதை நாடகமாகப் படிக்க வேண்டியதில்லை, கதையாகப் படித்தால் போதும்.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று, வரி கொடுத்துக் கேட்கும் வினாக்களுக்கு இந்த வழி உதவுமா. இரண்டு, தேர்வு அறையில் ஒரு வாக்கியம் மறந்துபோனால் மாணவர் தாக்குப்பிடிப்பாரா. மூன்று, வெளியில் தெரியும் செலவும் தெரியாத செலவும். நான்கு, கிடைக்கும் மாதங்களுக்குள் முடியுமா. ஐந்து, அடுத்த வகுப்பிலோ கல்லூரியிலோ இது கைகொடுக்குமா.

நான்காவது அளவுகோல் டெல்டாவில் தனிக் கவனம் கேட்கிறது. நம் பள்ளி ஆண்டும் காவிரி ஆண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் ஓடுகின்றன. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம், பள்ளியும் அந்தச் சமயத்தில்தான் திறக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கினால் டிசம்பர் வரை எத்தனை நாள் பள்ளி நடக்கும், எத்தனை நாள் ‘மழை விடுமுறை’ என்று யாராலும் சொல்ல முடியாது. பொங்கலை ஒட்டிச் சம்பா அறுவடை. பல வீடுகளில் அந்த வாரங்களில் பிள்ளைகளுக்கும் களத்திலும் வீட்டிலும் வேலை இருக்கும். உடனே திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. ஆகவே கவிதையை நிதானமாகப் படிக்க ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் காலம். இதை மறந்து எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது ஜனவரியில் மூச்சு வாங்கும்.

## வழி 1: கைடு

கைடின் பலம் எல்லோரும் அறிந்ததே. எல்லாப் பாடத்துக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. கவிஞர் பெயர், கருத்து, அணி, பத்தி என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் இல்லாத பிள்ளைக்கு அது பெரிய தெம்பு. அதை இழிவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

தெரியாத செலவு பிறகுதான் வெளியே வரும். கைடில் இருக்கும் பத்தி கல்லூரிக்காரர் எழுதிய ஆங்கிலத்தில் இருக்கும். மாணவர் அதைப் பொருள் பிடிபடாமல் ஓசையாக மனப்பாடம் செய்கிறார். மூன்றாவது வாக்கியத்தில் ஒரு சொல் நழுவினால் நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்தே போய்விடுகின்றன, ஏனெனில் அந்த வாக்கியங்களை இணைப்பது பொருள் அல்ல, ஓசை மட்டுமே. விடைத்தாளில் பாதியில் அறுந்து நிற்கும் பத்திகளில் பல இப்படிப்பட்டவை. அடுத்தது, ஒரே கைடைப் படித்த வகுப்பு முழுவதும் ஒரே பத்தியை எழுதுகிறது. எழுத்துப்பிழை இல்லாதவருக்கு மதிப்பெண் வரும், தனித்துத் தெரிய வழியில்லை.

வரி வினாக்களில் கைடு அரைகுறையாகத்தான் உதவும். கைடு ஐந்து வரிகளுக்கு விடை தந்திருக்கும், வினாத்தாள் ஆறாவது வரியைக் கேட்கும். நாற்பது வரிக் கவிதையில் எந்த நான்கு வரி வரும் என்று எந்தப் பதிப்பகமும் சொல்ல முடியாது.

எப்போது கைடே சிறந்த வழி? ஜனவரி பிறந்துவிட்டது, இதுவரை எதுவும் படிக்கவில்லை, 35 எடுத்துத் தேர்ச்சி பெற வேண்டும் என்ற நிலையில். அப்போதும் முழுக் கைடு வேண்டாம். பள்ளியில் மெல்லக் கற்போருக்குக் கொடுக்கும் மினிமம் மெட்டீரியலே போதும். பன்னிரண்டாம் வகுப்பு என்றால் ஆறு கவிதைகளின் தலைப்பு, கவிஞர், பேசுவது யார், இவற்றை எழுத்துப்பிழை இல்லாமல் பழகிக்கொள்ளுங்கள். ஈ.ஆர்.சி.யின் முதல் படி அதுவே. பத்திக்கு இரண்டு கவிதைகள், துணைப்பாடத்தில் இரண்டு. பத்தாம் வகுப்பு என்றால் முதலில் மனப்பாடப் பாடல். வேறு எதுவும் வராத நாளிலும் அந்த 5 மதிப்பெண் கையில் இருக்கும்.

## வழி 2: டியூஷன்

கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் டியூஷன் வைப்பதற்கும் ஆங்கிலத்துக்கு வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆங்கில டியூஷனில் பெரும்பகுதி நேரம் இலக்கணத்திலும் கடிதத்திலும் போகிறது. அது தவறில்லை, அங்கே மதிப்பெண் எளிதாக வரும். கவிதை என்று வந்தால் பெரும்பாலும் ஆசிரியர் தமிழில் பொருள் சொல்லி, பத்தியை டிக்டேட் செய்வார், மாணவர் எழுதிக்கொள்வார். கைடைக் காசு கொடுத்து இன்னொரு முறை எழுதியதாகவே அது முடிகிறது.

நல்ல டியூஷன் ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே கேள்வி கேளுங்கள்: "பிள்ளை எழுதிய ஈ.ஆர்.சி.யை வாரம் ஒன்றாவது திருத்தித் தருவீர்களா?" ஆம் என்றால் அந்தப் பணம் வீணாகாது. மாணவர் எழுதியதை ஒருவர் சிவப்பு மையால் திருத்துவது மற்ற எந்த வழியிலும் எளிதாகக் கிடைக்காத ஒன்று.

கட்டணம் மட்டும் செலவு என்று நினைக்காதீர்கள். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, மாணவர்களுக்குப் பஸ் பாஸ் உண்டு. ஆகவே டிக்கெட் சுமை பெரிதல்ல, நேரம்தான் சுமை. நான்கரைக்குப் பள்ளி விட்டு, ஆறு மணி டியூஷனுக்குக் காத்திருந்து, எட்டு மணிக்குப் பஸ் பிடித்து ஊர் சேரும் பிள்ளை அதன்பிறகு எதைப் படிக்கும்? உள்ளூரில் டியூஷன் கிடைத்தால் கணக்கு வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியூர் டியூஷன் பாதி நாள் நடக்காது, கட்டணம் மட்டும் குறையாது.

வகுப்பில் கேட்கக் கூச்சப்படும் பிள்ளை, எழுதிக்காட்டத் துணை இல்லாத பிள்ளை, 60-க்கும் 80-க்கும் இடையே நிற்கும் பிள்ளை ஆகிய மூவருக்கும் டியூஷன் பொருந்தும்.

## வழி 3: காணொளி

பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் காணொளி கிடைக்கிறது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் நடக்கிறது. யூடியூபில் ஒவ்வொரு கவிதைக்கும் பத்துப் பேர் பாடம் எடுத்திருக்கிறார்கள். இலவசம், திரும்பத் திரும்பக் கேட்கலாம், ஆங்கில உச்சரிப்பையும் கேட்டுப் பழகலாம். உச்சரிப்புக்கு மட்டுமாவது ஒருமுறை பார்ப்பது நல்லது.

இதில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. காணொளி தமிழில் விளக்குகிறது. மாணவருக்குக் கதை தமிழில் முழுமையாகப் புரிந்துவிடுகிறது, அதனால் படித்து முடித்த நிறைவும் வந்துவிடுகிறது. தேர்வில் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ஒரு வாக்கியமும் கைக்கு வருவதில்லை. ‘தி காசில்’ கவிதையில் கோட்டை எப்படி வீழ்ந்தது என்று கேட்டால், சிறுவாயில் காவலனுக்குத் தங்கம் கொடுத்து எதிரி உள்ளே நுழைந்தான் என்று அழகாகத் தமிழில் சொல்வார்கள். அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் கைடைத் தேடுவார்கள்.

பரிகாரம் எளிது. காணொளி முடிந்ததும் போனைத் தள்ளி வைத்துவிட்டு, சொந்தமாக ஐந்து சிறு ஆங்கில வாக்கியங்களை எழுத வேண்டும். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதாமல் அடுத்த காணொளிக்குப் போவது படிப்பில் சேராது.

## வழி 4: பாடநூலை நேரே படித்து, சொந்தக் குறிப்பு

இந்த வழியைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைத்தான் கடினம் என்று ஒதுக்குகிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் தோரு தத்தின் ‘அவர் காசுவரினா ட்ரீ’ இருக்கிறது. 1856-இல் கல்கத்தாவில் பிறந்து 1877-இல், 21 வயதில் மறைந்துவிட்ட பெண் அவர். கவிதை பேசுவது சவுக்கு மரத்தைப் பற்றி. வேதாரண்யத்திலிருந்தோ நாகப்பட்டினம் கரையிலிருந்தோ வரும் பிள்ளைக்குச் சவுக்குத் தோப்பைக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் படிக்கத் தொடங்கியதும் ஒரு சிக்கல் வரும். நம் கரையோரத்தில் சவுக்கு வரிசையாக, ஒல்லியாக, வெட்டுக்கு வளர்க்கும் மரம். கவிதையில் வரும் மரமோ பழைய, பிரம்மாண்டமான ஒற்றை மரம். அதன் உச்சிவரை ஒரு கொடி மலைப்பாம்பைப் போலச் சுற்றி இறுக்கியிருக்கிறது, உச்சியில் ஒரு குரங்கு சிலைபோல உட்கார்ந்திருக்கிறது, குளத்தில் அல்லி பூத்திருக்கிறது. தான் அறிந்த சவுக்குக்கும் இந்தச் சவுக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்த மாணவருக்குக் கவிதையின் முதல் இரண்டு பத்திகளும் பிறகு மறக்காது.

அடுத்து வருவதுதான் இன்னும் முக்கியம். மரம் புலம்புவதைப் போன்ற ஓசை, கூழாங்கல் கரையில் கடல் மோதும் ஓசையைப் போல இருக்கிறது என்கிறார் கவிஞர். சவுக்குத் தோப்பில் காற்று புகும்போது கடல் இரைவது போலக் கேட்கும் என்பது கோடியக்கரைப் பிள்ளைக்குப் பிறந்தது முதல் தெரியும். பிரான்சிலும் இத்தாலியிலும் இருந்தபோதும் அந்த ஓசையைத் தான் கேட்டதாகவும், மரத்தடியில் தன்னோடு விளையாடி மறைந்துவிட்டவர்களுக்காகவே அந்த மரம் தனக்கு அருமையானது என்றும் கவிஞர் சொல்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் தோப்பு தோப்பாக மரங்களைச் சாய்த்ததைச் சிறு வயதில் பார்த்த மாணவரிடம், ஒரு மரம் ஏன் நினைவாகிறது என்று விளக்க எனக்கு ஒருபோதும் கைடு தேவைப்பட்டதில்லை.

இப்படிப் படித்தவரிடம் அந்தக் கவிதையின் எந்த வரியைக் கொடுத்தாலும் அது எந்த இடம் என்று சொல்லிவிடுவார். மரத்தின் தோற்றம், காலைக் காட்சி, விளையாட்டுத் தோழர்கள், தொலைதூரத்தில் கேட்ட புலம்பல், மரத்துக்குச் சூட்டும் கவிதை: ஐந்து பத்திக்கும் ஐந்து இடக்குறிப்பு. ஈ.ஆர்.சி.க்கு வேண்டியதும் அதுவே.

அணிகளைப் பொறுத்தவரை, நம் மாணவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ் வகுப்பில் உவமையும் உருவகமும் மோனையும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ‘போல’ என்ற பொருள் தரும் சொல் வெளிப்படையாக இருந்தால் உவமை, இல்லாமல் ஒன்றையே மற்றொன்றாகச் சொன்னால் உருவகம் என்ற அதே அளவுகோலை இங்கும் கொண்டுவரலாம். ஆங்கிலக் கவிதையின் அடி இறுதி ஓசை ஒப்புமையை எதுகை என்று நினைத்துக் குழம்புகிறார்கள். நம் மரபில் அதற்குப் பக்கத்தில் நிற்பது இயைபு. இதை ஒருமுறை சொல்லிவிட்டால் அடியின் கடைசிச் சொல்லைப் பார்க்கக் கை தானாகப் போகும்.

இந்த வழிக்கும் தெரியாத செலவு உண்டு. ஒரு கவிதைக்கு ஆரம்பத்தில் இரண்டு மூன்று மாலைகள் பிடிக்கும். தவறாகப் புரிந்துகொண்டால் திருத்த ஆள் வேண்டும், இல்லாவிட்டால் தவறே உறுதிப்பட்டுவிடும். ஆகவே படித்து முடித்த பிறகு கைடைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கைடுக்கு உரிய இடம் அதுதான்.

## வழி 5: சேர்ந்து வாய்விட்டு, பாத்திரம் பிரித்துப் படித்தல்

நாடகத்துக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. நாடகத்தின் சுருக்கத்தைக் கைடில் படித்தால் அது தட்டையான கதையாகிவிடும். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடக்கிறது. மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய நாடகங்கள். தெலுங்கு அறியாதவர்களும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள், எந்தக் குரலில், எந்த மெய்ப்பாட்டோடு என்பது தெரிந்தால் மொழியின் தடை பாதி விலகிவிடுகிறது. அந்த ஊர்க்காரர்களின் பிள்ளைகளுக்கு ஆங்கில நாடகத்தை மௌனமாகப் படிக்கச் சொல்வது என்ன நியாயம்?

‘ரிமெம்பர் சீசர்’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீதிபதி வெஸ்டன் பிரபு, தன் சட்டைப்பையில் ‘சீசரை நினைவில் கொள்’ என்று எழுதிய துண்டுச் சீட்டைப் பார்க்கிறார். ஜூலியஸ் சீசருக்கு நேர்ந்த கதி தனக்கும் நேரப்போகிறது என்று நடுங்கி, கதவுகளையும் ஜன்னல்களையும் அடைக்கச் சொல்லி வீட்டையே அமளிதுமளி ஆக்குகிறார். மனைவி அலட்டிக்கொள்ளாமல் இருக்கிறார். கடைசியில் பார்த்தால், சீசர் என்பது அவர் சந்திக்க வேண்டிய ஒரு தோட்டக்காரரின் பெயர். மறக்காமலிருக்கத் தானே எழுதி வைத்த குறிப்பு அது. இந்தப் பதற்றத்தையும் இந்த அமைதியையும் இரண்டு பிள்ளைகள் மாறி மாறிக் குரலில் கொண்டுவந்தால், பத்தி வினாவுக்கான நிகழ்ச்சி வரிசை அவர்கள் நினைவில் தானாக நிற்கும்.

மாணவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகும் ஓர் இடம் நாடகக் குறிப்புகள், அதாவது அடைப்புக்குள் சாய்வெழுத்தில் இருப்பவை. ‘தி ஹவர் ஆஃப் ட்ரூத்’ நாடகத்தில், வழக்கில் சாட்சி சொல்ல வேண்டிய பால்ட்வின் என்பவருக்கு ஒரு லட்சம் டாலர் லஞ்சமாக வருகிறது. சாட்சிக் கூண்டில் ‘நினைவில்லை’ என்று சொன்னால் போதும். முதலில் நேர்மையைப் பேசிய குடும்பம் மெல்ல மெல்லத் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தில் ஒரு பகுதி வசனத்துக்கு வெளியே, தயங்குவதும் நிறுத்துவதுமாக நாடகக் குறிப்பில் கிடக்கிறது. ஒருவர் அந்தக் குறிப்புகளை மட்டும் வாசிக்கும் பொறுப்பை ஏற்கட்டும்.

கவிதைக்கும் இதே வழி பலன் தரும். பன்னிரண்டாம் வகுப்பின் ஆறு கவிதைகளில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் யாரிடமோ பேசுவதுதான். டென்னிசனின் ‘யூலிசிஸ்’ முழுவதும் ஒரு முதிய அரசனின் பேச்சு. தொடக்கத்தில் தன் சலிப்பைத் தனக்கே சொல்லிக்கொள்கிறான். நடுவில் கை நீட்டி, இதோ என் மகன் டெலிமாக்கஸ் என்று காட்டி, செங்கோலை அவனிடம் விடுகிறான். பிறகு தன் மாலுமிகளை நோக்கித் திரும்புகிறான். எழுந்து நின்று, மூன்று இடத்திலும் மூன்று திசை பார்த்துப் படித்த மாணவர், அந்தக் கவிதையிலிருந்து எந்த வரி வந்தாலும் ‘யார், யாரிடம், எப்போது’ என்பதைத் தடுமாறாமல் எழுதுவார். அந்த ஆறில் இன்னொன்றான ‘ஆல் தி வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்’ என்பதே ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் ஜாக்விஸ் என்ற பாத்திரம் பேசும் பேச்சு. அதைக் கவிதை என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது அரைப் பாடம்.

செலவு? காசு இல்லை, ஆனால் மூன்று நான்கு பேர் சேர வேண்டும், பொறுப்பான ஒருவராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் படிப்பு பேச்சாக மாறிவிடும். இடம் ஒரு கேள்வி. ஊர்ப்புற நூலகத் திண்ணை, கோயில் மண்டபம், யாராவது ஒருவர் வீட்டு முற்றம் எதுவும் ஆகும். பெண் பிள்ளைகளை மாலையில் வெளியே அனுப்பத் தயங்கும் வீடுகள் உண்டு. அங்கே தெருவுக்குள்ளேயே இரண்டு பேர் போதும். தம்பி தங்கையை உட்கார வைத்துப் படித்தாலும் பலன் குறையாது.

## ஒரு பார்வையில்

| | கைடு | டியூஷன் | காணொளி | பாடநூல் + சொந்தக் குறிப்பு | சேர்ந்து படித்தல் |
|---|---|---|---|---|---|
| வரி கொடுத்துக் கேட்கும் வினா | அரைகுறை | ஆசிரியரைப் பொறுத்தது | குறைவு | மிக நன்று | நன்று |
| பத்தி வினா | உடனடிப் பலன் | நன்று | எழுதினால் மட்டும் | நன்று, நாளாகும் | நாடகத்துக்கு மிக நன்று |
| மறந்தால் சமாளிப்பது | கடினம் | நடுத்தரம் | நடுத்தரம் | எளிது | எளிது |
| தெரியாத செலவு | பொருள் புரியாத மனப்பாடம் | பயண நேரம், மழைக்காலம் | புரிந்துவிட்டது என்ற மயக்கம் | திருத்த ஆள் தேவை | கூட்டம் சேர்ப்பது |
| ஏற்ற காலம் | ஜனவரி முதல் | ஜூன் – செப்டம்பர் | எப்போதும், துணையாக | ஜூன் – செப்டம்பர் | காலாண்டு விடுமுறை |

## யாருக்கு எது?

பொறியியல், மருத்துவம் நோக்கிப் போகும் அறிவியல் பிரிவு மாணவர். பொறியியல் கட்-ஆஃபில் ஆங்கில மதிப்பெண் சேராது, ஆகவே ஆங்கிலத்துக்கு நேரம் கொடுக்க மனம் வராது. இவர்கள் டியூஷனுக்குப் போக வேண்டாம். வாரத்துக்கு ஒரு மாலை பாடநூல், பிப்ரவரியில் கைடை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது போதும். முற்றிலும் கைவிட்டுவிடவும் கூடாது. கும்பகோணம் கல்லூரியில் கணிதத்தைத் தவிர மற்றவற்றைக் கவனிக்காமல் விட்டதால் ராமானுஜனே உதவித்தொகையை இழந்தார் என்பதை அதே ஊரில் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லாமல் விடுவதில்லை.

கலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுக்க நினைப்பவர். நான்காம், ஐந்தாம் வழியைத் தவிர வேறு எதுவும் இவருக்கு முதல் வழியாகக் கூடாது. பி.ஏ. முதல் பருவத்திலேயே கவிதையும் நாடகமும் எதிரே வந்து நிற்கும். அங்கே உருப்போட்ட பத்தி உதவாது.

தமிழ்வழியில் படித்து, ஆங்கிலம் என்றாலே அஞ்சுபவர். காணொளியில் தொடங்கலாம். தமிழில் பொருள் தெரிந்த பிறகு பாடநூலைத் திறந்தால் பயம் பாதியாகும். எழுதும்போது சிறு வாக்கியங்கள். இலக்கணம் சரியாக உள்ள ஆறு எளிய வாக்கியங்கள், புரியாமல் எழுதிய பத்து பெரிய வாக்கியங்களைவிட எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்கும். "நமக்கு ஆங்கிலம் வராது" என்று சொல்லும் பிள்ளையிடம் வலங்கைமானில் 1869-இல் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, ஆங்கிலப் பேச்சால் உலகம் முழுக்க மதிப்புப் பெற்ற வி.எஸ். சீனிவாச சாஸ்திரியைப் பற்றிச் சொல்லுங்கள்.

சி.பி.எஸ்.இ. மாணவர். அங்கே பகுதியைக் கொடுத்து உட்பொருளை ஊகித்து எழுதச் சொல்லும் வினாக்கள் அதிகம். கைடின் பயன் இன்னும் குறையும். முதலிலிருந்தே பாடநூல்தான்.

மழை முடிந்து இப்போதுதான் விழித்துக்கொண்டவர். நாடகத்தைக் கதையாக மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா நேரத்தையும் கவிதை வரிகளுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு கவிதையையும் ஒரு நாளைக்கு ஒருமுறை வாய்விட்டுப் படித்து, பத்திக்கு ஒரு வரி இடக்குறிப்பு எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள் ஆறும் முடிந்துவிடும்.

எந்தக் கவிதையில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: பிரௌனிங்கின் ‘இன்சிடென்ட் ஆஃப் தி ஃப்ரெஞ்ச் கேம்ப்’. ராட்டிஸ்பான் நகரம் பிடிபட்ட செய்தியைக் குதிரையில் வந்து நெப்போலியனிடம் சொல்கிறான் ஒரு சிறுவன். அவன் காயம்பட்டிருப்பதைப் பேரரசர் கவனித்துச் சொல்ல, காயமல்ல, உயிரே போய்விட்டது என்று பெருமையோடு மறுமொழி சொல்லி, புன்னகையோடு சாய்கிறான். கதை இருக்கிறது, பேச்சு இருக்கிறது, சொற்களும் அதிகம் அஞ்ச வைக்காது. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் நெப்போலியன், ஒருவர் சிறுவன். படித்து முடித்த கையோடு கடைசிப் பத்தியிலிருந்து ஓர் ஈ.ஆர்.சி. எழுதி, மறுநாள் ஆங்கில ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். எழுதிக் கொண்டுவரும் மாணவரைத் திருப்பி அனுப்பும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை.